நூறு மடங்கு விற்பனை: பிரான்ஸ் வந்த தம்பிக்கு ஒரு பதில்

திருப்பாதிரிப்புலியூர் தம்பி கேட்டது இது: "புதுச்சேரியில் மூணு வருஷம் பவர் பிஐ, எக்செல் வேலை பார்த்தேன். லியோனுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகுது. ஊர்ல போட்ட ரிப்போர்ட் ஃபைல்ல இங்க உள்ள டேட்டாவை இணைச்சா விற்பனை எக்கச்சக்கமா காட்டுது. எக்செல் ஃபார்முலா எல்லாம் பிரெஞ்சுல இருக்கு. எல்லாத்தையும் புதுசா கத்துக்கணுமா அண்ணே?"

வேண்டாம் தம்பி. உங்களுக்குத் தெரிந்த மென்பொருள்தான் இங்கேயும். மாறியிருப்பது எண் எழுதும் வழக்கம். நம் ஊரில் பன்னிரண்டரை யூரோவை 12.50 என்று எழுதுவோம், இங்கே 12,50. உங்கள் ஃபைலின் லொக்கேல், அதாவது எண்ணும் தேதியும் எந்த நாட்டு வழக்கப்படி என்று சொல்லும் அமைப்பு, இன்னும் இந்திய ஆங்கிலத்திலோ அமெரிக்க ஆங்கிலத்திலோ இருக்கும். அதற்குக் காற்புள்ளி என்றால் ஆயிரம் பிரிக்கும் குறி. எனவே 12,50 அதற்கு 1250 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

மொத்தத்தை 100-ஆல் வகுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12,50 நூறு மடங்காகும், 12,5 பத்து மடங்காகும், 12 அப்படியே இருக்கும். மூன்றும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும்போது எதால் வகுப்பது?

பவர் பிஐயில் தரவைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியைத் திறந்து, வலப்பக்கப் படிகளில் தானாக விழுந்திருக்கும் 'சேஞ்ச்டு டைப்' படியை முதலில் அழியுங்கள். அதை விட்டுவிட்டு அதற்கு அடுத்து இன்னொரு படி போட்டால் பயனில்லை, எண் அதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கும். பிறகு பத்தித் தலைப்பில் ரைட் கிளிக், 'சேஞ்ச் டைப்', அதன் கடைசியில் 'யூசிங் லொக்கேல்'. வகை தசம எண், லொக்கேல் பிரெஞ்சு (பிரான்ஸ்). இப்படிச் செய்தால் லொக்கேல் அந்தப் படிக்குள்ளேயே பதிந்துவிடும். நாளை புதுச்சேரியில் ஒருவர் அதே ஃபைலைத் திறந்தாலும் அதே எண்தான் வரும். தேதிப் பத்திக்கும் இதையே செய்யுங்கள். இந்தியாவிலும் பிரான்ஸிலும் நாள்தான் முதலில் வரும் என்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் லொக்கேல் அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகிவிடும், 12-க்கு மேற்பட்ட நாள்கள் மட்டும் பிழையாக வரும். அந்தப் பிழை வரிகளை மட்டும் நீக்கிவிட்டு நகர்ந்தால் மிச்சமிருப்பது தவறான தேதிகள்.

எக்செல் விஷயம் பயப்படும் அளவுக்கு இல்லை. ஊரில் எழுதிய ஷீட்டை இங்கே திறந்தால் விலுக்கப் தானாக ரெஷெர்ஷ்-வே ஆகிவிடும், இஃப் வெறும் 'சி' ஆகிவிடும். புதிதாகத் தட்டும்போது மட்டும் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. தானாக மாறாத ஓர் இடம் உண்டு: டெக்ஸ்ட் ஃபார்முலாவில் மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதும் தேதி வடிவம். பிரெஞ்சு எக்செலில் ஆண்டுக்கு 'அன்னே' என்ற சொல்லின் முதல் எழுத்து, நாளுக்கு 'ஜூர்' என்ற சொல்லின் முதல் எழுத்து. பழைய ஆங்கில ஒய் எழுத்து நான்கும் அப்படியே செல்லில் வந்து நிற்கும். அதனால் மாதக் குறியீட்டுக்கு டெக்ஸ்ட்டையே விட்டுவிட்டு, ஆண்டை 100-ஆல் பெருக்கி மாதத்தைக் கூட்டுங்கள். 202403 என்று வரும், எந்த மொழி எக்செலிலும் உடையாது, வரிசையும் சரியாக நிற்கும். பவர் பிஐயின் டாக்ஸ் ஃபார்முலாப் பெயர்கள் இங்கும் ஆங்கிலம்தான்.

கணக்குப் பிரிவிலிருந்து நகலெடுத்து ஒட்டிய தொகைகள் செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு, கூட்டினால் பூஜ்யம் காட்டினால், குற்றவாளி இடைவெளி. இங்கே இரண்டரை லட்சத்தை 250 000 என்று எழுதுவார்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் ஸ்பேஸ் பாரில் தட்டும் இடைவெளி அல்ல, வரி உடையாத வேறொரு எழுத்து, அதன் யூனிகோடு எண் 160 அல்லது 8239. செல்லிலிருந்தே அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒட்டி, வெறுமையால் மாற்றுங்கள்.

மீட்டிங்கில் 'பில்லியன்' என்று நாம் பழகியதைச் சொல்லாதீர்கள். நூறு கோடிக்கு இங்கே 'மில்லியார்'. பிரெஞ்சில் 'பில்லியோன்' என்றால் அதைப் போல ஆயிரம் மடங்கு, அதாவது லட்சம் கோடி.

எண்ணைச் சரிசெய்த பிறகும் உங்கள் மொத்தம் கணக்காளர் சொல்வதோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டையும் வகுத்துப் பாருங்கள். 1.2 வந்தால் ஒருவர் வரி சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் எடுத்திருக்கிறீர்கள். பொது டிவிஏ (மதிப்புக் கூட்டு வரி) விகிதம் 20%, நிறுவன அறிக்கைகளில் விற்பனை பெரும்பாலும் வரி நீங்கலாகத்தான் பேசப்படும். 10, 5.5 விகிதப் பொருள்களும் கலந்திருந்தால் 1.2-க்குச் சற்றுக் கீழே வரும். சரியாக 2 வந்தால் இணைப்பில் வரிகள் இரட்டிப்பாகியிருக்கின்றன. அஞ்சல் குறியீட்டை வைத்து ஊர்ப் பட்டியலை இணைத்தால் இது அடிக்கடி நடக்கும். ஒரே குறியீட்டில் பல கொம்யூன்கள் (உள்ளாட்சி ஊர்கள்) இருக்கும், பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்சே தரும் கொம்யூன் குறியீட்டை வைத்தே இணைக்க வேண்டும். இரண்டு குறியீடுகளையும் உரையாகவே வையுங்கள். எண்ணாக மாற்றினால் நீஸின் 06000 வெறும் 6000 ஆகிவிடும்.

ஊர் ஃபைலில் ஆண்டு முடிவு மார்ச் 31 என்று டாக்ஸில் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். இங்கே பல நிறுவனங்களுக்குக் கணக்காண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் வார எண். "14-ஆம் வாரத்தில் தருகிறேன்" என்றுதான் பேசுவார்கள். வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் வரும் வாரமே முதல் வாரம். டாக்ஸில் வார எண் தரும் வீக்நம் ஃபார்முலாவின் இரண்டாவது இடத்தில் 21 போடுங்கள். ஆண்டை அந்த வாரத்தின் வியாழக்கிழமையிலிருந்து எடுங்கள். 2024 டிசம்பர் 30 திங்கள்கிழமை, அது 2025-இன் முதல் வாரம். தேதியின் ஆண்டையே ஒட்டினால் 2024-இன் முதல் வாரத்தில் போய் விழுந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதில் அலட்சியம் கூடாது. வாடிக்கையாளரின் பெயர், கைபேசி, மின்னஞ்சல் அறிக்கைக்குத் தேவையில்லை என்றால் பவர் குவெரியிலேயே அந்தப் பத்திகளை நீக்குங்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, தேவைக்கு மேல் தனிநபர் தரவு வைப்பதை ஏற்பதில்லை. ஃபார்முலாவில் சிக்கினால் புதுச்சேரி நண்பருக்கு ஃபைலை அனுப்பிக் கேட்கத் தோன்றும். அனுப்பாதீர்கள். பத்து வரிப் பொய்த் தரவு உருவாக்கி, அதே சிக்கலை அதில் காட்டிக் கேளுங்கள். மதம், சமூகம் என்று நம் ஊர்ப் படிவங்களில் சாதாரணமாக இருக்கும் பத்திகளை இங்கே மாதிரிக்குக்கூடச் சேர்க்காதீர்கள். இனம், மதம் சார்ந்த தரவைத் திரட்டுவதைப் பிரெஞ்சுச் சட்டம் மிகச் சில விதிவிலக்குகளோடு தடுக்கிறது.