வேலையை விட்டுப் படிப்பதா, வேலையோடு படிப்பதா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குழந்தைகள் நலத் துறையில் எட்டு வருட வேலை, கையில் சமூகப்பணி முதுகலை, வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை, மனதில் முனைவர் பட்டம். "முழுநேரமா பகுதிநேரமா, எது நல்லது மேடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, நான் முதலில் ஒன்று கேட்கிறேன். பட்டம் வாங்கிய பிறகு எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள்?

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வேண்டும், ஆராய்ச்சியே தொழிலாக வேண்டும் என்றால் முழுநேரப் பிஎச்.டி. பக்கம்தான் சாய்வேன். உதவித்தொகை பெரும்பாலும் முழுநேர மாணவர்களுக்கே கிடைக்கிறது. நாள் முழுக்கத் துறையிலேயே இருப்பவருக்குத்தான் நெறியாளரோடு சேர்ந்து கட்டுரை எழுதவும், வகுப்பெடுத்துப் பழகவும் வாய்ப்பு வரும். களத்திலேயே இருந்து பெரிய பொறுப்புக்கு வருவதுதான் எண்ணம் என்றால் வேலையை விட வேண்டியதில்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே டி.எஸ்.டபிள்யூ. (டாக்டர் ஆஃப் சோஷியல் வொர்க்) என்ற முனைவர் நிலைப் பட்டம் இருக்கிறது. ஆராய்ச்சியைவிடத் தொழில்முறைப் பயிற்சிக்கு அதில் முக்கியத்துவம் அதிகம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2007-ல் அதை இந்த வடிவில் தொடங்கியது, பிறகு பல இடங்களில் வந்துவிட்டது. நேரில் வர முடியாதவர்களுக்கு இணையவழியிலும் நடத்துகிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்தை வேறொரு நாட்டில் பிஎச்.டி.க்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.

பகுதிநேரம் என்றால் நிதானமாக முடிக்கலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. பிரிட்டனில் பகுதிநேரத்துக்குத் தனிக் கணக்கு, முழுநேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் தருவார்கள். இந்தியாவில் யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2022 விதிகள் இருவருக்கும் ஒரே கடிகாரத்தைத்தான் மாட்டியிருக்கின்றன: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை கிடைக்கலாம், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. வேலையில் இருப்பவர் நிறுவனத்திடமிருந்து என்.ஓ.சி. என்ற ஆட்சேபணையின்மைச் சான்று கொண்டுவர வேண்டும். ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடநெறியை (பிஎச்.டி.யின் தொடக்க வகுப்புகளை) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாது. அமெரிக்காவுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்கோ இந்தக் குழப்பமே இல்லை, முழுநேரம்தான்.

விதியைவிட ஆளை வாட்டுவது வார நாட்களின் கணக்கு. ஆய்வுக்காக 25 பேரை ஆளுக்கு ஒரு மணி நேரம் பேட்டி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது ஆகும். பேசியவர் தழுதழுத்தால், இருவர் ஒரே சமயத்தில் பேசினால், இன்னும் கூடும். மொத்தம் 100 மணி நேரம். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வாரத்துக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதம் போய்விடும். முழுநேர மாணவர் இதையே ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவார். இத்தனைக்கும் இது எழுத்தாக்கம் மட்டும்தான், பகுப்பாய்வு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

வேலையோடு படிப்பவருக்கு நம் துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. "நான் வேலை பார்க்கும் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளையே ஆய்வு செய்துவிடுவேன், அலைச்சல் மிச்சம்" என்பார்கள். முன்பு என்னிடம் வந்த ஒருவரும் அப்படித்தான் கிளம்பினார். ஆய்வில் பங்கேற்பவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழு திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. குழு கேட்டது நியாயம்தான். அந்தப் பிள்ளைக்கு எங்கே தங்குவது, எப்போது வீட்டுக்குப் போவது என்பதில் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பிருக்கிறது. நீங்களே போய் "பேட்டி தருகிறாயா?" என்றால் அது எப்படி 'மாட்டேன்' என்று சொல்லும்? அவர் வேறு இல்லத்தைத் தேடி, அனுமதி வாங்கி, பாதுகாவலர் ஒப்புதலோடு பிள்ளைகளின் சம்மதத்தையும் பெற்றுத் தொடங்குவதற்குள் ஏழெட்டு மாதம் கரைந்துவிட்டது. நீங்கள் இதை முதல் நாளிலிருந்தே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகம் ஆய்வுக்களமாக இருக்கக் கூடாது. இருந்தே ஆக வேண்டுமென்றால், ஒப்புதல் கேட்கவும் பேட்டி எடுக்கவும் வேறொருவர் வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது கலப்பு வழி. முதலில் பாடநெறிக் காலத்துக்கு மட்டும் விடுப்புக் கேளுங்கள். தரவு திரட்டும்போது வேலையில் இருங்கள், அப்போது களத்தொடர்பு கைகொடுக்கும். மிச்ச விடுப்பை ஆய்வேடு எழுதும் கடைசி ஆறு மாதத்துக்குப் பத்திரமாக வையுங்கள். பலர் உற்சாகத்தில் விடுப்பை எல்லாம் முதல் வருடத்திலேயே தீர்த்துவிட்டு, எழுத வேண்டிய நேரத்தில் அலுவலகக் கோப்புக்கும் அத்தியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வாரம் கழித்து ஆய்வேட்டைத் திறந்தால் எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

நெறியாளரைப் பார்க்கும்போது அவரிடம் இதற்கு முன் பகுதிநேரமாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தயங்காதீர்கள், நல்ல நெறியாளர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். முடிந்தால் அவர்களில் ஒருவரோடு பேசுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. நாளையிலிருந்து இரண்டு வாரம், தினமும் இரவில் எத்தனை நிமிடம் யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்து படிக்க முடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த கடிதத்தோடு அந்தப் பக்கத்தையும் அனுப்புங்கள், வேலையை விடுவதா என்பதை அதை வைத்துப் பேசலாம்.