கொம்பு முறிகிற இடத்தில் கடிதம் தொடங்கட்டும்

கேள்வி: நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை. நமது கண்ணகி அம்மன் சடங்கையும் கொம்பு முறி விளையாட்டையும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு ஃபேன்டசி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 1,80,000 சொற்கள். லண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள இலக்கிய முகவர்கள் (எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகத்துக்கு விற்றுக்கொடுப்பவர்கள்) பதினொரு பேருக்கு அனுப்பினேன். இரண்டு பேர் ஒற்றை வரியில் மறுத்தார்கள். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. அனுப்பிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே பிழை?

பதில்: ரீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் மூன்றாம் பந்தியிலேயே களைத்துப்போய் வைத்துவிட்டேன். மறுகா எடுத்துப் பிடிவாதமாகக் கடைசிவரை போனபோதுதான் நாலாம் பந்தியின் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: உங்கள் நாயகி அம்மன் மீதே வழக்குப் போடுகிறாள்! எழும்பி உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நாளுக்குப் பத்து இருபது கடிதம் பார்க்கும் முகவர் அதை இரண்டாம் தரம் எடுத்துப் பார்க்கப் போவதில்லை.

உங்கள் முதல் பந்தி தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: “கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கஜபாகு மன்னன் பத்தினி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்பது மரபு. கீழைக்கரைத் தமிழர் வைகாசி தோறும் கோயில் கதவு திறந்து, வழக்குரை காவியம் படித்து, குளிர்த்தி பாடி அம்மனைச் சாந்தப்படுத்துகிறார்கள்...” ஒரு சொல்லும் பிழையில்லை, பரீட்சை விடைத்தாள் என்றால் முழுப் புள்ளியும் போடலாம். ஆனால் கண்ணகி யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கஜபாகுவை விளக்கி என்ன பயன்? அவர் தேடுவது யாருக்கு என்ன வேணும், அதற்கு அவள் எதை இழக்க வேண்டிவரும் என்பதைத்தான். உங்களிடம் அது இருக்கிறது. நாலாம் பந்தியில் இருந்ததை மேலே ஏற்றி நான் எழுதிப் பார்த்தது இது:

“ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கொக்கிபோல் வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, இரு பக்கமும் வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஒன்று முறிந்தால் அம்மன் குளிர்வாள், மழை வரும். மூன்று வருடமாக எந்தக் கொம்பும் முறியவில்லை. கொம்பு செதுக்குபவரின் மகள் பூமணி, இந்த முறை தன் பக்கத்துக் கொம்பில் யாருக்கும் தெரியாமல் ஒரு வெட்டுப் போடுகிறாள். கொம்பு முறிகிறது. மழை வரவில்லை. அன்றிரவு முதல் வாவி சாமத்துக்குச் சாமம் ஊரைவிட்டு விலகிப் போகிறது. தண்ணீர் திரும்ப வேண்டுமென்றால், ஒரு காலத்தில் அரச சபையில் நின்று வழக்குரைத்த தெய்வத்துக்கு எதிராகவே பூமணி வழக்குரைக்க வேண்டும். வென்றால் அம்மன் ஊரைவிட்டுப் போய்விடுவாள். தோற்றால் பூமணியின் பிள்ளை அம்மனுக்கு.”

இதில் கண்ணகி என்ற பெயரே இல்லை, கவனித்தீர்களா? கஜபாகுவும் இல்லை, சிலப்பதிகாரமும் இல்லை. கொம்பு என்றால் என்ன என்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை, நாலு பேர் வடம் பிடித்து இழுப்பதைப் பார்த்தே விளங்கிவிடுகிறது. வடசேரி, தென்சேரி என்ற இரு பக்கம், பூசை செய்யும் கட்டாடியார் எல்லாம் நாவலுக்குள் வரட்டும். கடிதத்தில் ஆளுக்கும் தெய்வத்துக்குமாக இரண்டு மூன்று பெயர் போதும். நம்முடைய சொல்லில் ஒன்றை மட்டும் அப்படியே விடலாம். நான் என்றால் ‘குளிர்த்தி’யை வைத்திருப்பேன். கோபத்தில் எரியும் தெய்வத்தை ஊரே சேர்ந்து குளிர வைக்கிறது என்ற எண்ணம் வேறு எவருடைய கடிதத்திலும் இருக்காது.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தின் தலைப்பிலேயே அது நீந்துகிறது. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதமும் கல்லடிப் பாலம், பௌர்ணமி, வாவிக்குள்ளிருந்து வரும் இசை என்றுதான் தொடங்கியது. எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. போன இடமெல்லாம் மறுப்பு. இப்போது எடுத்து வாசித்தால் சுற்றுலாச் சபையின் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது. மீன் கதையில் ஏதாவது செய்தால் வரட்டும், இல்லாவிட்டால் வாவியிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது நீளம். முதல் நாவல் எழுதுபவரின் வளர்ந்தோருக்கான ஃபேன்டசிக்கு 90,000 முதல் 1,20,000 சொற்கள் வரை என்பதுதான் பொதுவான கணக்கு. 1,80,000 என்ற எண்ணைக் கண்டதும், வெட்டத் தெரியாதவர் என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். கசப்புத்தான். ஆனால் கடிதம் எவ்வளவு திறமாக இருந்தாலும் இந்த எண் அதை அடித்துவிடும். இரண்டு பாகமாகப் பிரிக்க யோசித்தால், முதல் பாகம் தனியே நின்று முடிய வேணும். வழக்கின் தீர்ப்பை இரண்டாம் பாகத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

ஒப்பீட்டு நூல்களாக உலகமே அறிந்த இரண்டு பெரும் தொடர்களைச் சொல்லியிருக்கிறீர்கள். அவை வேண்டாம். கடந்த ஐந்து வருடத்துக்குள் வந்த இரண்டு நூல் போதும், உங்கள் நாவல் எந்த அலுமாரித் தட்டில் இருக்கும் என்று காட்டத்தான் அவை. ஒன்றுக்கு வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ பொருந்துமா என்று வாசித்துப் பாருங்கள். 2023இல் வந்து, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் கொடுக்கும் நெபுலா விருதை, சிறந்த நாவல் பிரிவில் பெற்றது, எழுதியவர் நம் நாட்டவர். மற்றது தெய்வத்தோடு மனிதர் மல்லுக்கட்டும் கதையாக இருக்கட்டும். வாசிக்காத நூலின் பெயரைப் போட்டால் எப்படியோ பிடிபட்டுவிடும். ‘மறுகூறல்’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். பழைய கதையைத் திரும்பச் சொன்னால்தான் அது மறுகூறல். உங்களுடையது உயிரோடிருக்கும் ஒரு சடங்கிலிருந்து கிளைத்த புதுக்கதை.

உங்களைப் பற்றிய பந்தியில் பட்டங்கள், பயிற்சிப் பட்டறைகள், மாகாணப் போட்டிப் பரிசு என்று ஏழு வரி. அதில் எங்கோ ஒரு மூலையில், அம்மப்பா கோயிலில் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தது. அந்த ஒரு வரியையும் ஆசிரியை என்பதையும் வைத்துவிட்டு மிச்சத்தை அழியுங்கள். முழுக் கடிதமும் 300 சொல் சொச்சத்துக்குள் நிற்க வேணும்.

கதைச்சுருக்கம் வேறு சாமான். ஒரு பக்கம், நிகழ்காலத்தில், முடிவு உட்பட எல்லாம் சொல்ல வேணும். நீங்கள் “தீர்ப்பை அறிய நாவலை வாசியுங்கள்” என்று முடித்திருக்கிறீர்கள். ரீச்சர், அவர் படம் பார்க்க வந்தவர் இல்லை, வீடு வாங்க வந்தவர். எல்லா அறைக் கதவையும் திறந்து காட்டுங்கள்.

அனுப்பும் முறையில் லண்டனும் நியூயோர்க்கும் ஒன்றல்ல. பிரித்தானிய முகவர்கள் பெரும்பாலும் கடிதம், சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் கேட்பார்கள். அமெரிக்கர்கள் கடிதத்தோடு முதல் ஐந்து, பத்துப் பக்கத்தை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டச் சொல்வார்கள், அல்லது குவெரி மனேஜர் என்ற இணையப் படிவத்தில் நிரப்பச் சொல்வார்கள். கேட்காத இணைப்பைத் திறக்காமலே அழிப்பவர்கள் உண்டு. ஒவ்வொருவரின் இணையப் பக்கத்தில் உள்ள விதிதான் கடைசி வார்த்தை. ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாம், ஆனால் ஒரே நிறுவனத்தில் இரண்டு பேருக்கு வேண்டாம். ஆறேழு பேராக அனுப்பி, ஒரு கொப்பியில் திகதி குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். எல்லாரும் முதல் கடிதத்திலேயே மறுத்தால் கடிதத்தைத் திருத்துங்கள். பக்கங்களைக் கேட்டு வாங்கிய பிறகு மறுத்தால், பார்க்க வேண்டியது நாவலை.

“முகவருக்கு எவ்வளவு கட்ட வேணும்?” என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் ஏஜென்சி என்றால் முதலில் காசைக் கட்டிப்போட்டு விசாவுக்குக் காத்திருக்கும் இடம் என்றுதான் பழக்கம். இங்கே தலைகீழ். நாவல் விற்ற பிறகு உங்களுக்கு வரும் காசில் 15 வீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் பெரும்பாலும் 20 வீதம் அவர் எடுப்பார். வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று ஒரு ரூபா கேட்டாலும் அவர் முகவர் அல்ல.

உள்ளூரிலும் ஒரு வழி திறந்திருக்கிறது. மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் நிறுவிய கிரேஷியன் பரிசு, இலங்கையில் வசிப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய, இன்னும் அச்சேறாத கையெழுத்துப் பிரதியையும் ஏற்கிறது. குறும்பட்டியலில் பெயர் வந்தாலே உங்களைப் பற்றிய பந்திக்கு ஒரு நல்ல வரி கிடைக்கும்.

ஆனால் இதெல்லாம் வெட்டுக்குப் பிறகுதான். கடிதம் பிடித்து யாராவது முழுப் பிரதி கேட்டால் அன்றைக்கே அனுப்பக்கூடியதாக இருக்க வேணும். வைகாசிச் சடங்குக்கு முன் அறுபதாயிரம் சொல்லைக் குறைத்துவிட்டு, புதுக் கடிதத்தை எனக்கு ஒருக்கா அனுப்புங்கள்.