வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: வானத்தில் விழும் பட்டைகள்

கேள்வி: கேமராவில் 14 பிட் ரா கோப்பாகவே (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) படம் எடுக்கிறேன். என்னிடமுள்ள விலை குறைந்த எடிட்டிங் மென்பொருள் அதை 16 பிட்டில் திறக்கிறது. ஆனால் லேயர் (ஒரு படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) சேர்க்கப் போனால் 8 பிட்டுக்கு மாற்றச் சொல்கிறது. மாற்றிய பின் அதிகாலைக் கடல் படத்தில் வானத்தைச் சற்று அழுத்தமாக்கினால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. வேறு மென்பொருள் வாங்காமல் இதைச் சமாளிக்க வழியுண்டா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்டு. 8 பிட்டுக்கு மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தாலே பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும்.

8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். உங்கள் வானம் 200 முதல் 220 வரையிலான 21 படிகளுக்குள் அடங்கியிருக்கிறது என்று வையுங்கள். அதைக் கர்வ்ஸ் எனும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியைக் கொண்டு 160 முதல் 240 வரை இழுத்தால், அதே 21 படிகள் நான்கு நான்காகத் தாவி நிற்கும். ஹிஸ்டோகிராம் (எந்தப் படியில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) சீப்புப் பல் போலத் தெரிவதும், வானத்தில் பட்டை விழுவதும் இதனால்தான். 16 பிட்டில் அதே இடைவெளியில் ஐயாயிரம் படிகளுக்கு மேல் இடமிருக்கிறது. கேமரா தருவது 14 பிட்தான் என்பதால் அத்தனையும் நிரம்பாது. ஆனாலும் இழுப்பதற்குத் தாராளமாகப் போதும்.

ஆகவே வெளிச்சம், நிறச் சமநிலை, கர்வ்ஸ் ஆகியவற்றை ரா கோப்பைத் திறக்கும் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். வானத்துக்கும் கடலுக்கும் வெவ்வேறு திருத்தம் வேண்டுமே, அதற்குத்தானே லேயர் என்று கேட்பீர்கள். ஒரே ரா கோப்பை இரண்டு முறை திறந்து, ஒன்றை வானத்துக்காகவும் மற்றொன்றைக் கடலுக்காகவும் முழுமையாகத் திருத்தி, இரண்டையும் 16 பிட் டிஃப் (TIFF) படக் கோப்புகளாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அவற்றின் நகல்களை மட்டும் 8 பிட்டுக்கு மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக லேயரில் வைத்து, அடிவானத்தை ஒட்டி மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க் இட்டு, மேல் லேயரில் வேண்டாத பகுதியை மறையுங்கள். கிராப் செய்வதை இணைத்த பிறகு வைத்துக்கொண்டால் இரண்டும் பிக்சல் பிசகாமல் பொருந்தும். இணைத்த படத்தில் மீண்டும் கர்வ்ஸைத் தொடாதீர்கள். நிறம் பிடிக்கவில்லையென்றால் டிஃப் கோப்புக்கே திரும்புங்கள்.

வானத்துக்கான படத்தை மாற்றுவதற்கு முன்பே, 16 பிட்டில் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) சேர்ப்பதும் உதவும். பட்டை விழுந்த பிறகு சேர்த்தால் அதை மறைக்க நிறையத் தூவ வேண்டியிருக்கும், வானம் சொரசொரத்துவிடும். 8 பிட் படத்தைத் திரும்ப 16 பிட்டாக மாற்றினாலும் போன படிகள் வந்துசேரா.

வேறு மென்பொருளே வேண்டாம் என்று உறுதியாக இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பையும் பாருங்கள். முன்பு அதுவும் 8 பிட்டோடு நின்றிருந்தது; 2018இல் வந்த 2.10 பதிப்பு முதல் 16, 32 பிட்டிலும் லேயர் வைத்து வேலை செய்யலாம். ரா கோப்பை மட்டும் நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிள் போன்ற துணை மென்பொருளும் வேண்டும். வட்டில் இடமும் பார்த்துக்கொள்ளுங்கள்: 24 மெகாபிக்சல் படம் சுருக்கப்படாத 16 பிட் டிஃப்பாக ஏறக்குறைய 144 எம்பி பிடிக்கும்.