முடிந்த கதையும் முடியாத உரிமையும்

மதிப்பிற்குரிய ஐயா,

திருமங்கலத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். சிறுவயதில் நானும் என் அண்ணனும் வாடகை விசிடியில் ‘டெர்மினேட்டர்’ என்ற ஹாலிவுட் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்ததற்குக் கணக்கே கிடையாது. அதற்குப் பிறகு வந்த பாகங்களை இருவரும் மதுரைக்கு வந்து முதல் நாளே பார்த்துவிடுவோம். 2019-இல் வந்த ஆறாம் பாகத்தில் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, இரண்டாம் பாகம் முழுக்கக் காப்பாற்றப்பட்ட சிறுவன் ஜான் கானரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இடைவேளையில் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ‘படம் அப்படியேதான் இருக்கிறது, உனக்குத்தான் வயதாகிவிட்டது’ என்கிறார்கள் நண்பர்கள். என் கோபம் வெறும் பழைய நினைப்புதானா? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஆறு பாகங்களையும் வரிசையாகக் காட்டலாமா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் எழுந்து போனதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் வியப்பாக இல்லை. நானும் அந்தப் படத்தை அதே மனநிலையில்தான் பார்த்து முடித்தேன்.

வயதுதான் காரணம் என்று சொல்லும் உங்கள் நண்பர்களுக்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகனுக்கு இரண்டாம் பாகத்தைப் போட்டுக் காட்டினேன். பதினைந்து வயதுப் பையன். அந்தப் படத்தின்மீது ஏங்குவதற்கு அவனுக்குப் பழைய நினைவு ஏதும் கிடையாது. வரைகலையில் இதைவிடப் பெரிய மாயங்களையெல்லாம் கைபேசியிலேயே பார்த்துச் சலித்தவன். ஜானைக் கொல்ல எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரமான அந்தத் திரவ உலோக மனிதன், மனநல மருத்துவமனையில் இரும்புக் கம்பிக் கதவின் ஊடே உருகி நுழைந்து வருகிற இடம் உங்களுக்கு நினைவிருக்கும். முகம் கடந்துவிடுகிறது, உடல் கடந்துவிடுகிறது, கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் கம்பியில் இடித்து நின்றுவிடுகிறது; அவன் மணிக்கட்டை லேசாகத் திருப்பி அதை வெளியே எடுத்துக்கொள்கிறான். பையன் அந்த இடத்தில் ரிமோட்டை வாங்கி, பின்னுக்கு ஓட்டி, மறுபடியும் பார்த்தான். ‘துப்பாக்கி நிஜ இரும்பு, அதனால்தான் மாமா மாட்டிக்கிச்சு’ என்றான். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் அந்த இயந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்பதை அவனுக்குப் புரியவைத்துவிட்டது படம். 1991-இல் கணினி வரைகலை மிகுந்த செலவும் உழைப்பும் கேட்டது. ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரப் படத்தில் அது வருவது ஐந்தாறு நிமிடங்கள்தான், மற்றவற்றைப் பெரும்பாலும் பொம்மைகளையும் ஒப்பனையையும் உண்மையான வண்டிகளையும் கொண்டே செய்தார்கள். பாலத்துக்கு அடியில் ஹெலிகாப்டர் புகுந்து போவதுகூட நிஜமாகவே ஓட்டிக் காட்டியதுதான்.

ஆனாலும் வரைகலை மிகுந்துபோனதுதான் பிற்பாகங்களின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்ற பொதுவான குறையையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன் நான். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நூறாண்டு கடந்தும் அதே தினைப்புனம், அதே ஆலோலம், அதே நாரதர். ஸ்பெஷல் நாடகம் என்பதால் வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே அன்றிரவு மேடையேறுகிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் அந்த மேடையிலேயே புதிதாகப் பிறக்கிறது. கல்யாணத்தில்தான் முடியும் என்று தெரிந்தே ஊர் உட்கார்ந்திருக்கிறது. எந்த நடிகரும், ‘சென்ற ஆண்டு நடந்த கல்யாணம் செல்லாது’ என்று அறிவித்துவிட்டு நாடகத்தைத் தொடங்குவதில்லை.

டெர்மினேட்டரின் பிற்பாகங்கள் அதைத்தான் செய்தன. இரண்டாம் பாகம் எப்படி முடிகிறது? தன் தலைக்குள் இருக்கும் சில்லு உலகில் எஞ்சியிருக்கக்கூடாது என்பதற்காக ஜானைக் காக்க வந்த, அர்னால்டு நடித்த இயந்திரம், தன்னை இறக்கிவிடும்படி ஜானின் தாய் சாராவிடம் கேட்டு, கொதிக்கும் உருக்குக்குள் இறங்குகிறது. கடைசியாக அதன் கட்டைவிரல் மட்டும் உயர்ந்து நின்று மறைகிறது. 1997 ஆகஸ்ட் 29 அன்று இயந்திரங்களால் மனிதர்களுக்கு வரவிருந்த அணு அழிவு அந்த விலையால் தடுக்கப்பட்டது என்று நம்பித்தான் நாம் அழுதோம். அடுத்த படம் தொடங்க வேண்டுமானால் அந்த விலை வீண் என்று முதலில் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. 2003-இல் வந்த மூன்றாம் பாகம், அழிவு தள்ளிப்போனது, அவ்வளவுதான் என்றது. (அந்தப் படத்தின் இறுதிக் காட்சிக்கு மட்டும் என் மதிப்பு உண்டு, தான் சொன்னதற்கு அது கடைசிவரை உண்மையாக இருந்தது.) 2009-இல் வந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2015-இல் ஜானையே இயந்திரமாக்கிப் பகைவனாக நிறுத்தினார்கள். 2019-இல் அவனைச் சிறுவனாகவே கொன்றார்கள். எந்தப் பையனைக் காப்பாற்ற அந்தத் தாய் தன் வாழ்க்கையையே உருக்கிக்கொண்டாளோ, அந்தப் பையனை அடுத்த படத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அகற்றினார்கள். உங்கள் அண்ணனின் கோபம் அங்கேதான் இருக்கிறது. அது முழுக்க நியாயமான கோபம்.

கதை முடிந்த பிறகும் அதன்மீதான உரிமை முடியவில்லை என்பதே இதன் வேர். பெயரில்லாத இளைஞராக இருந்த ஜேம்ஸ் கேமரூன், முதல் படத்தைத் தானே இயக்க வேண்டும் என்பதற்காகத் திரைக்கதை உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றார். 1984-இல் சுமார் 64 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் உரிமை பின்னர் பல நிறுவனங்களின் கைக்கு மாறியது. அவற்றுள் சில திவாலும் ஆயின. பெரும் பணம் கொடுத்து அதை வாங்கியவர் அதைச் சும்மா வைத்திருக்க மாட்டார்; நிலத்தை வாங்கியவர் உழாமல் விடுவாரா? ஆனால் இங்கே நாம் நேர்மையாக இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 படத்தில் கேமரூனே தயாரிப்பாளராகவும் கதையில் பங்கு கொண்டவராகவும் திரும்பி வந்தார். சாரா கானராக லிண்டா ஹாமில்டனும் திரும்பி வந்தார். அவர்கள் திரும்பியும் அந்தப் படம் தேறவில்லை. படைத்தவரே வந்து திறந்தாலும், சரியாக மூடப்பட்ட கதை திறக்கும்போது உடைந்துதான் திறக்கிறது என்று அன்றைக்கு நான் புரிந்துகொண்டேன்.

உங்கள் மகனுக்கு ஆறையும் வரிசையாகக் காட்ட வேண்டாம். முதல் படத்தில் பெரியவர்களுக்கான காட்சிகள் உண்டு என்பதால் அது இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். இரண்டாம் பாகத்தில் தொடங்குங்கள். அதிலும் அடிதடி கடுமையானது, நீங்கள் பக்கத்தில் இருங்கள். முடிந்தால் அண்ணனையும் அழைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மறைந்த பிறகு எழுந்துவிடாதீர்கள். இரவு நேரத்துச் சாலை ஒன்று வரும், வண்டியின் விளக்கு விழும் தூரம் மட்டும் தெரியும், சாராவின் குரல் கேட்கும். அது முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று பையன் கேட்டால், அவன் பெரியப்பா பதில் சொல்லட்டும்.

அன்புடன்.