தேர்தல் முடிந்த பிறகு வரும் வெறுமை: கேள்வி பதில்

மனநல ஆலோசகராக இருக்கிறேன். முடிவுகள் வந்த பிறகு மனசு துவண்டு போவது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பதற்குள் போக மாட்டேன்.

மூன்று மாதம் தொண்டராக அலைந்தேன், தோற்றுவிட்டோம். இப்போது காலையில் எழவே பிடிக்கவில்லை. எனக்கு என்ன ஆச்சு, அக்கா?

தம்பி, நானும் ஒரு காலத்தில் ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனவள்தான். முடிவு வந்த மறுநாளும் ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. செருப்பு மாட்டிய பிறகுதான் போக இடமில்லை என்று உறைத்தது. மேசைமேல் வாக்காளர் பட்டியல். பென்சிலில் நான் போட்ட டிக், சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'மாலை வரச் சொன்னார்' என்று குறிப்பு. அதைப் பார்த்துத்தான் அழுதேன், வாக்கு வித்தியாசத்தைப் பார்த்து அல்ல.

நீங்கள் இழந்தது தொகுதியை மட்டும் இல்லை. தினமும் போக ஓர் இடம், பேச ஆட்கள், நாளுக்கு ஓர் இலக்கு எல்லாமே ஒரே இரவில் போய்விட்டன. மூன்று மாதம் பரபரப்பில் ஓடிய உடம்பு, தூக்கக் கடனையும் இப்போதுதான் கேட்கிறது. அதனால் முதலில் தூக்கம். அப்புறம், மனசு வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்யுங்கள். கூட உழைத்தவர்களில் இருவரையாவது நேரில் பாருங்கள். இரண்டு வாரத்துக்குப் பெரிய முடிவு எதுவும் வேண்டாம்.

நாங்கள் ஜெயித்தோம். எனக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

காரணம் மேலே சொன்னதுதான். ஓட்டம் நின்றது உங்களுக்கும்தானே.

இது எத்தனை நாள் இருக்கும்?

நாம் பயப்படுவதைவிடக் குறைவு. அமெரிக்காவின் டெக்சஸில் 1994-இல் நடந்த ஆளுநர் தேர்தலை வைத்து உளவியலாளர் டேனியல் கில்பர்ட் குழுவினர் ஓர் ஆய்வு செய்து 1998-இல் வெளியிட்டார்கள். தங்கள் வேட்பாளர் தோற்றால் ஒரு மாதம் கழித்து எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று ஆதரவாளர்கள் முன்கூட்டிச் சொன்னார்கள். அவர் தோற்றார். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், சொன்ன அளவு வருத்தம் அவர்களிடம் இல்லை.

ஆனால் பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

செய்தி பார்ப்பதை அடியோடு நிறுத்தலாமா?

வேண்டாம். நாளுக்கு இருமுறை, நேரம் வைத்துப் பாருங்கள். படுக்கையில் போன் கூடாது.

எண்ணிக்கையிலேயே முறைகேடு என்கிறார்களே?

என் துறை இல்லை. தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள்.

டிவி விவாதங்களையாவது பார்க்கலாமா?

இரண்டு கேள்விக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அதே பதில்தான்.

தூங்கு, சின்ன வேலை செய், போனை வை என்கிறீர்கள். தோல்வியால் எங்கள் வாழ்க்கையே பாதிக்கப்படும். இது கோபத்தை ஆற்றி எங்களை வீட்டில் உட்கார வைக்கும் பேச்சு.

கோபத்தை விடச் சொல்லவில்லை, ஐயா. அது நியாயமான கோபமாகவே இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கோ பதில் எழுதி அது தீர்ந்துபோகிறதே என்பதுதான் என் கவலை.

அவர் சொல்வது சரி. டெக்சஸ்காரர்களுக்கு வருத்தம் குறைந்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆய்வு வருத்தத்தைத்தான் அளந்தது, ஆட்சியை இல்லை. மனசு தேறிய பிறகும் உங்கள் பிரச்சினை அங்கேயேதான் இருக்கும். அதற்காகத்தான் நீங்கள் தேற வேண்டும் என்கிறேன். சோர்ந்து ஒதுங்கியவர்களை அடுத்த தேர்தலில் திரும்பக் கூட்டி வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் இப்போதே போராட்டத்தில் இறங்கலாமா?

தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கூட்டாளிகளோடு பேசிவிட்டு இறங்குங்கள். தனியாக இறங்க வேண்டாம்.

என் தங்கை எதிரணிக்கு ஓட்டுப் போட்டாள். பேச்சை நிறுத்திவிடப் போகிறேன்.

இரண்டு வாரம், அம்மா. பெரிய முடிவு எதுவும் வேண்டாம் என்றேனே, இதைத்தான் சொன்னேன். அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு, அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் இன்று கேளுங்கள்.