டர்போ எஞ்சினுக்கு மாஃப் (காற்றின் நிறையை அளக்கும் சென்சர்) நல்லதா, மேப் (காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சர்) நல்லதா? சூப்பர்சார்ஜருக்கும் அதே பதில்தானா?

கேட்ட தம்பியிடம் இருப்பது பழைய டொயோட்டா ஸ்டார்லெட் டர்போ. அதில் மேப் சென்சர். அதைக் கழற்றிவிட்டு மாஃப் பூட்டினால் பெற்றோல் அளவு இன்னும் சரியாக வருமா என்று கேட்கிறார். வேண்டாம் தம்பி, மேப்பிலேயே இருங்கள். காரணம் எனக்குக் கொழும்பு வீதியில் பட்டுத் தெரிந்தது.

மாஃப் என்பது காற்று வடிகட்டியைத் தாண்டி, டர்போவுக்கு (எக்ஸோஸ்ட் புகையால் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) முன்னால் இருக்கும் சூடான கம்பி. காற்று அதைக் குளிர்விக்கும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து உள்ளே போன காற்றின் நிறையை ஈசியூ, அதாவது எஞ்சினின் கணினி, கண்டுபிடிக்கிறது. மேப் அப்படியல்ல. வால்வுக்குப் பக்கத்தில், மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாயில்) நிற்கும் அழுத்தத்தை அளக்கிறது. அதோடு காற்றின் வெப்பநிலையையும் எஞ்சின் சுற்றையும் சேர்த்து, அந்தச் சுற்றில் சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்ற அட்டவணையைப் பார்த்து ஈசியூ கணக்குப் போடுகிறது. புதிய யோசனை ஒன்றுமில்லை, 1967-இல் வந்த போஷ் டி-ஜெட்ரோனிக் என்ற பெற்றோல் ஊற்றும் முறையும் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துத்தான் ஓடியது.

என் முதல் டர்போ கார் மாஃப் வைத்தது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு புளோ-ஆஃப் வால்வு (காலை எடுக்கும்போது டர்போ தள்ளிய மிச்சக் காற்றை விடுவிப்பது) வாங்கி, காற்றை வெளியே விடும்படி பூட்டினேன். அன்றிலிருந்து காலி வீதியில் சிக்னலுக்குச் சிக்னல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எஞ்சின் இருமி நின்றுவிடும். மெக்கானிக் பாஸ் பிளக் மாற்றினார், மாஃபின் கம்பியைச் சுத்தம் செய்தார், ஒன்றும் சரிவரவில்லை. மாஃப் ஏற்கெனவே கணக்கில் எழுதிய காற்றை நான் வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன். ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் ஊற்றியது. வால்வின் குழாயைத் திருப்பி டர்போவுக்கு முன்னால், மாஃபுக்குப் பின்னால் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் விரல்நகம் அளவு வெடிப்பு வந்தபோதும் இதே கதை, பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) ஏறினால் கரும்புகை. மேப் உள்ள காரில் இப்படிக் கசிந்தால் பூஸ்ட் குறையும், பெற்றோல் கணக்கு பிசகாது.

ஆனால் மேப்பையும் சும்மா நம்பிவிட முடியாது. அது அளப்பது முழு அழுத்தம். கொழும்பில் சும்மா நிற்கும் காற்றே ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல், அதன்மேல் 1 பார் பூஸ்ட் என்றால் 200. 1 பார் (100 கிலோபாஸ்கல்) வரை மட்டும் அளக்கும் சென்சருக்கு அது தெரியவே தெரியாது. டர்போ, எக்ஸோஸ்ட், வால்வுகளைத் திறக்கும் கேம் எதை மாற்றினாலும் அட்டவணையைத் திரும்ப எழுத வேண்டும். அதே அழுத்தத்தில் சிலிண்டர் நிரம்பும் அளவு மாறிவிடுகிறதே. வெப்பநிலை சென்சர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். காற்று 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறினால் அதே அழுத்தத்தில் அடர்த்தி 9 சதவீதம் குறையும். மருதானை நெரிசலில் நின்று சென்சரின் உடம்பு சூடேறிவிட்டால், உள்ளே வரும் காற்று உண்மையில் குளிர்ந்திருந்தாலும் ஈசியூ பெற்றோலைக் குறைத்துவிடும். டர்போ எஞ்சினுக்குப் பெற்றோல் குறைவதுதான் ஆபத்து, கூடுவதல்ல.

திரொட்டில் (ஆக்சிலேட்டர் மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) திறப்பையும் எஞ்சின் சுற்றையும் மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் அல்பா-என் முறையை டர்போவுக்கு நினைக்கவே வேண்டாம். ஒரே திறப்பு, ஒரே சுற்று, ஆனால் டர்போ சுழன்று எழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மேனிஃபோல்டில் 100 கிலோபாஸ்கலும் இருக்கலாம், 180-உம் இருக்கலாம்.

எஞ்சினே பெல்ட்டால் சுழற்றும் காற்றுத் தள்ளியான சூப்பர்சார்ஜருக்கு என் பதில் கொஞ்சம் மாறும். ரூட்ஸ் என்ற வகையில் (இரண்டு உருளைகள் சுழன்று காற்றைத் தள்ளுவது) பெரும்பாலும் திரொட்டில் முன்னால், புளோவர், அதாவது சூப்பர்சார்ஜர், பின்னால். பைபாஸ் வால்வு காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்றி விடுவதால் எண்ணிய காற்று வெளியே போவதில்லை. அதனால் கம்பனி பூட்டிய மாஃப் அதன் எல்லைக்குள் இருந்தால் அதையே வைத்திருக்கலாம். மேப்புக்கு மாறுவதானால் அழுத்தக் குழாயைப் புளோவருக்குக் கீழே எடுங்கள். வெப்பநிலை சென்சரும் அங்கேதான் வர வேண்டும், ஏனென்றால் ரூட்ஸ் புளோவர் காற்றை நன்றாகவே சூடாக்கும்.

உங்கள் ஸ்டார்லெட்டுக்கு முதலில் இன்டேக் குழாய்களில் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள். மேப்புக்குப் போகும் அந்தச் சின்ன ரப்பர் குழாயைப் புதிதாக மாற்றுங்கள். பிறகு எக்ஸோஸ்டில் காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சர் ஒன்றைப் பூட்டி, பூஸ்டில் கலவை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.