“நோயாளி தொட்டால் அருவருப்பு வருகிறதே... நான் நல்ல நர்ஸ் இல்லையா?”

கேள்வி: கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வயது 26. டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ள 78 வயதுத் தாத்தா ஒருவர், குளிப்பாட்டும்போது மனைவி பெயர் சொல்லி என்னை இழுத்து அணைக்கிறார். சில நாள் மார்பில் கை வைத்துவிடுகிறார். கோபமும் அருவருப்பும் வருகிறது. ராத்திரி படுத்தால், ஒரு நோயாளியை இப்படி வெறுக்கிறேனே என்று அழுகை வருகிறது. இன்சார்ஜ் சிஸ்டர், “வயசானவர், விடும்மா” என்கிறார். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள் அம்மா. தொடக் கூடாத இடத்தில் கை பட்டால் எந்த உடம்பும் கூசும். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டால் அது நின்றுவிடாது.

“வயசானவர், விடும்மா” என்பதில் பாதிதான் உண்மை. ‘இது கூடாது’ என்று நம் கையைத் தடுப்பது மூளையின் முன்பகுதி. டிமென்ஷியாவில் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது. ஆள் அடையாளமும் தவறுகிறது. கதவு சாத்திய குளியலறை, வெந்நீர், உடம்பில் சோப்புப் போடும் ஒரு பெண் கை. அவர் நினைவில் அந்த இடத்துக்கு வரக்கூடியவர் மனைவி ஒருவர்தான். தாத்தாவைக் குற்றவாளியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் அவர் யாரென்று நினைத்துத் தொட்டிருந்தாலும், தொடப்பட்டது நீங்கள்தான். அவர் மேல் இரக்கமும் உங்களுக்குள் கோபமும் சேர்ந்தே இருக்கலாம், அதில் தப்பில்லை. பொறுத்துக்கொள் என்று வாயடைப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

இந்தப் பழக்கம் புதிதாக வந்ததா என்று பாருங்கள். சிறுநீர்த் தொற்றால்கூட திடீரென்று நடத்தை மாறும். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா, பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் பாலுணர்வைத் தூண்டிவிடும். சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது. அவர் வேட்டியை அவிழ்த்தால், அதுவும் பல நேரம் சிறுநீர் முட்டுவதாலோ, டயப்பர் உரசிய புண்ணாலோ இருக்கும்.

குளிப்பாட்ட ஆண் உதவியாளர் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு பேராகப் போங்கள். “ஐயா, நான் நர்ஸ், குளிக்க வைக்க வந்திருக்கிறேன்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சமாளிப்பதற்காக மனைவி மாதிரி பதில் பேச வேண்டாம். இடுப்பில் துண்டு இருக்கட்டும். சோப்பை அவர் கையில் கொடுத்தால் கைக்கும் வேலை கிடைக்கும். எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இழுத்தால் சிரிக்கவோ அதட்டவோ வேண்டாம். “வேண்டாம் ஐயா” என்று அழுத்தமாகச் சொல்லி, கையை விலக்கி, அவர் விழாதபடி பார்த்துக்கொண்டு ஒதுங்குங்கள். பிறகு, நடந்தது நடந்தபடி நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். எழுதினால்தான் அது இல்லத்தின் பிரச்சினையாகும், இல்லாவிட்டால் உங்கள் தலையிலேயே நிற்கும். வேலையிடத்தில் எதிர்ப்படுகிற வெளியாட்களிடமிருந்தும் பெண் ஊழியருக்குப் பாதுகாப்பு தருவது நிர்வாகத்தின் கடமை என்று, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்சார்ஜ் சிஸ்டருக்கும் அது தெரியட்டும்.

அவருக்கு மனிதத் தொடுகை தேவைப்படுகிறது என்பதும் நிஜம். மகனோ மகளோ வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவும், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடவும் சொல்லுங்கள். தாத்தாவை அவமானப்படுத்தாமல் குடும்பத்திடம் இதைப் பேசலாம், டாக்டரோ இன்சார்ஜோ பேசுவது நல்லது.

கொஞ்ச நாள் அவருடைய டூட்டியிலிருந்து மாற்றிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். தூக்கமில்லாத இரவுகள் தொடர்ந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.